கேளாத காது

ஆம்ப்ளிஃபயரின் மேல்தகடு சூடாக இருந்தது.

இக்னேஷியஸ் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஆபீசிலிருந்து வந்ததும் பையோடு நேராகக் கூடத்துக்குப் போய் அதன் மேல் கை வைப்பது மனைவி நோரா இறந்ததிலிருந்து அவனுக்கு ஒரு வழக்கம். பாட்டுக் கேட்பதற்காக அல்ல. ஜனவரிக்குப் பிறகு அவன் ஒரு ரெக்கார்டு கூடப் போடவில்லை. ஒரு நாளைப் போல இரும்பு சில்லென்றிருக்கும், கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவான். அன்று உள்ளங்கை தானாகப் பின்வாங்கியது. சுவிட்ச் அணைந்திருந்தது. கண்ணாடிக் குமிழ் வால்வுகளில் வெளிச்சமில்லை. ஆனால் கூடம் முழுக்க அந்த வாசனை நின்றது, சூடேறிய தூசியும் பழைய வார்னிஷும் கலந்து, கொஞ்ச நேரம் முன்புதான் யாரோ கேட்டு முடித்து எழுந்து போன வீட்டில் நிற்கிற வாசனை.

மேற்கு வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனி மாதம். சாந்தோமில் கடல் எவ்வளவு பக்கம் இருந்தாலும் மாடி வீடு மத்தியானத்தில் கொதிக்கத்தான் செய்யும். முகம் கழுவப் போனான்.

மறுநாளும் சூடாக இருந்தது. அதற்கு மறுநாள் வானம் மூடியே கிடந்தது. அன்றைக்கும் சூடு.

வீட்டுக்கார அம்மா புஷ்பம் கீழ்வீட்டில் மகளோடும் பேரனோடும் இருந்தாள். மாலைகளில் படிக்கட்டின் அடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசி பொறுக்குவாள். வாடகைக்கு இருப்பவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறி இறங்கவேண்டும்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. மத்தியானத்துல கொஞ்சம் சின்னதா வெச்சுக்க. கொழந்த தூங்குது."

"மத்தியானம் நான் வீட்ல இல்லையே ஆன்ட்டி."

"அப்ப பெட்டி தானா பாடுதா?" சிரித்தாள். "லீவு போட்டுட்டு குந்திகினு கீற. நான் இன்னா உங்க ஆபீசருக்கு தந்தியா அடிக்கப் போறேன்? உன் மனசு எனக்குத் தெரியாதா. நோரா படுத்திருந்தப்பவும் இப்படித்தான. போன மழைக்காலம் பூரா மத்தியானம் ரெண்டு பேரும் உக்காந்து கேப்பீங்க. நாற்காலி இழுக்கிற சத்தம் வரும். நீ மெதுவா பேசுற சத்தம் வரும். எம்பொண்ணுகிட்ட சொல்லுவேன், பாருடி, ஆம்பளன்னா இப்படி இருக்கணும், ஆபீசை வுட்டுட்டு வந்து பொண்டாட்டி பக்கத்துல குந்திகினு கீறான்னு."

அவன் படியேறினான்.

அந்த மழைக்காலத்தில் அவன் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. கடைசியில் வேண்டியிருக்கும் என்று சேர்த்து வைத்திருந்தான்.

கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றான். அடக்கத்தின்போது அழுகை வரவில்லை, நாற்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. அலுவலகத்தில் ஜெயராம் தோளில் கை போட்டபோது அந்தக் கையின் கனம் மட்டும்தான் தெரிந்தது. ஆறு மாதம் மரத்துக் கிடந்த இடத்தில் இப்போது ஊசி ஊசியாக உணர்வு திரும்பியது. துக்கம்தான் வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வந்தது அது இல்லை.

யார்?

நோராவுக்குச் சர்ச் பாடகர் குழுவில் பாட மட்டும் தெரியும். கர்நாடக சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது. பழைய ஸ்பீக்கர்களை வாங்கியபோது கூடவே வந்த ரெக்கார்டுகள் எல்லாமே அதுதான் என்று முதலில் முகம் சுளித்தவள். ஆனால் நோய் முற்றிய நாட்களில், ஒரு மாலை, அவன் ஒரு வயலின் ரெக்கார்டைப் போட்டுவிட்டு இடது ஸ்பீக்கரில் ஏதோ கரகரப்பு இருப்பதாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தலையணையிலிருந்து சொன்னாள்: "இது சஹானா. இப்ப ஒரு படி கீழ இறங்குவார் பாரு, இக்னி." இறங்கியது. "யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான். "தெரிஞ்சுது" என்றாள். அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவன் விரலை உதட்டில் வைத்து "ஷ்ஷ்" என்றான். பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அவன் வீட்டுச் சட்டம். அவள் இருமலைக்கூடத் துண்டுக்குள் அடக்கிக்கொள்வாள்.

சஹானா. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, மத்தியானங்களில் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

மின்விளக்கைப் போட்டுவிட்டு மண்டியிட்டுத் தரையைப் பார்த்தான். சிவப்புச் சிமெண்டுத் தரை. ஆள் நடந்தது தெரியாது, ஆனால் நாற்காலிக் கால் இழுபட்டால் வெள்ளையாகக் கோடு விழும். கிழக்குச் சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்களும் இடுப்பு உயரத்துக்கு நின்றன, பீரோவின் குட்டிகளைப் போல. அவற்றுக்கு எதிரே சரியாக நடுவில் அவனுடைய நாற்காலி. நூல் பிடித்து அளந்து போட்டது, அந்த வீட்டில் உருப்படியாகப் பாட்டுக் கேட்கக்கூடிய ஒரே இடம். நோராவின் பிரம்பு நாற்காலி ஒரு ஓரமாக இருக்கும். கேட்க வசதியில்லாத ஓரம்.

ஸ்பீக்கர்கள் திரும்பியிருந்தன. இரண்டும், கொஞ்சமாக, தெற்கு ஜன்னல் பக்கம்.

அந்த ஜன்னலடியில் நான்கு வெள்ளைத் தடங்கள். நான்கும் ஆழமாக, பல நாள் ஒரே இடத்தில் ஒரு நாற்காலி நின்ற தடங்கள். அவற்றுக்கு இடது பக்கத்தில் வேறு நான்கு. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அவனுடைய கை நுழையும் இடைவெளிகூட இல்லை. அங்கே உட்கார்ந்தவர்களின் முழங்கால்கள் உரசியிருக்கும்.

தன் நாற்காலியைத் தூக்கி வந்து முதல் தடங்களில் பொருத்தினான். பொருந்தியது. ஆனால் அது ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தது. இப்படி யாராவது பாட்டுக் கேட்பார்களா? ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆம்ப்ளிஃபயரைப் போட்டான், வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வரும்வரை காத்திருந்தான், அந்த வயலின் ரெக்கார்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முகம் ஜன்னல் பக்கம். இடது காது மட்டும் ஸ்பீக்கர்களின் பக்கம்.

வில் கம்பியில் பட்டது. காதுக்குள்ளேயே பட்டது. வில்லில் பூசிய குங்கிலியத்தின் சொரசொரப்பு, வாசிக்கிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு சுரத்தின் மேல் சாய்வது, சாய்ந்த இடத்தில் கம்பி நடுங்குவது எல்லாம் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நடந்தது. மூன்று வருடமாக நூல் பிடித்து அளந்து உட்கார்ந்தவனுக்கு இந்தப் பெட்டிகள் ஒருநாளும் இப்படி வாசித்துக் காட்டியதில்லை. வேறு யாருக்கோ வாசித்திருக்கின்றன. அவன் வீட்டில், அவன் மனைவி பக்கத்தில் இருக்க.

அப்போதுதான் அந்த மாதிரிப் போட்ட நாற்காலியை எங்கே பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு காந்தி நகருக்குப் போனான். ஸ்பீக்கர்களை விற்ற மஹதி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். காப்பி கொடுத்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு டீவி இருந்தது.

"உங்க அப்பா எங்க உக்காந்து கேப்பார்?" என்று நேராகவே கேட்டான்.

"அதோ, அந்த ஜன்னலைப் பாத்துண்டு. அப்பாவுக்கு வலது காது சுத்தமா கேக்காது. அதனால இடது காதை ஸ்பீக்கருக்குக் குடுத்துட்டு உக்காந்துப்பார். எல்லாரும் கேலி பண்ணுவா, ராமானுஜம் ஸ்பீக்கரோட சண்டை போட்டுண்டு மூஞ்சியைத் திருப்பிண்டிருக்கார்னு." லேசாகச் சிரித்தாள். "ஆனா தனியா கேக்கவே மாட்டார். இடது பக்கத்துல ஒருத்தர் உக்காரணும். அம்மா உக்காந்தா. அம்மாவுக்கு அப்புறம் நான். மத்தியானச் சாப்பாடு ஆனா ஆரம்பிச்சுடுவார். இது என்ன ராகம், அடுத்தது எங்க போகும்னு சொல்லிண்டே இருப்பார்."

"நடுவுல எழுந்து போனா?"

"கோச்சுக்க மாட்டார். கையைப் பிடிச்சுப்பார்." தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "பிடின்னா அப்படி ஒரு பிடி."

அவன் காப்பியைக் குடிக்கவில்லை.

"நீங்க வாங்க வந்த அன்னிக்கு அப்பா போய்ப் பதினஞ்சு நாள்கூட ஆகலை" என்றாள் மஹதி. "நீங்க ஒயரையெல்லாம் சுருட்டிண்டிருந்தேள். உங்க ஒய்ஃப் மட்டும் அம்மா நாற்காலியில போய் உக்காந்துண்டு, எனக்கு யாரோ இடம் போட்டுக் குடுத்த மாதிரி இருக்குன்னா. எனக்குக்கூட சிரிப்பு வந்துடுத்து." கொஞ்சம் தயங்கினாள். "இப்பவும் கேக்கறேளா? பக்கத்துல அவா உக்காந்துக்கறாளா?"

"உக்காந்துக்கறா."

"சௌக்கியமா இருக்காளா?"

"ஜனவரியில இறந்துட்டா."

மஹதி டம்ளரைத் தரையில் வைத்தாள். அவன் வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவனும் பயந்திருக்க வேண்டியதுதான். வேறு எவனாக இருந்தாலும் அன்றிரவே ஸ்பீக்கர்களைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டிருப்பான். இக்னேஷியஸ் திரு.வி.க. பாலத்தின் மேல் போகும்போது யோசித்ததெல்லாம் ஒன்றுதான். செத்தவள் திரும்பி வருகிறாள். ஆறு மாதமாக அவன் ஒவ்வொரு ராத்திரியும் அவள் பக்கத்துத் தலையணையைத் தொடாமல் ஒதுங்கிப் படுக்கிறான். ஒரு கனவில்கூட வரவில்லை. ஆனால் வருகிறாள். மத்தியானங்களில், அவன் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கிழவனின் இடது பக்கம் வந்து உட்காருகிறாள்.

அவள் யாருடைய மனைவி?

திங்கட்கிழமை காலை ஆம்ப்ளிஃபயரின் நான்கு வால்வுகளையும் பிடுங்கினான். பல் பிடுங்கின ஈறு மாதிரி நான்கு கறுப்புக் குழிகள். வால்வுகளை நோராவின் துண்டில் சுற்றி டிபன் பாக்ஸோடு பைக்குள் வைத்தான். ஸ்பீக்கர்களை நேராகத் திருப்பினான். பிரம்பு நாற்காலியைப் பழைய ஓரத்துக்கே இழுத்துப் போட்டான். இனிமேல் எதைக் கேட்பார்கள் பார்க்கலாம். பாட்டு இல்லாவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை. வேறு வேலையில்லாமல், ஒரு மாலை, அவன் வரும்வரை காத்திருப்பாள். அது போதும். சாவியைத் திருப்பும்போது அவனுக்கு வெற்றி மாதிரி ஏதோ ஒன்று தொண்டையில் இனித்தது.

நந்தனத்தில் ஆபீஸ் இரண்டாம் மாடி. மத்தியானச் சாப்பாடு முடிந்து மின்விசிறிகளுக்குக் கீழே எல்லாரும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். அண்ணா சாலையின் ஹாரன்கள்கூடத் தூரத்தில் தூக்கத்தில் முனகின. பக்கத்து மேஜை ஜெயராம் மூக்கை உறிஞ்சினான்.

"மச்சி, உன் டிபன் பாக்ஸ் இன்னும் அடுப்புல கீதா?"

"என்ன?"

"பை பொகையுது பாரு."

மேஜைக்கடியில் பார்த்தான். பையின் வாய் வழியாக மெல்லிய நூல் போல ஒரு புகை. சூடேறிய தூசியும் வார்னிஷும். குனிந்து பையைத் திறந்தான். நோராவின் துண்டு ஓரத்தில் கருகியிருந்தது. மடிப்புகளுக்குள்ளே, கண்ணாடிக்குள்ளே, கம்பி இழைகள் ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தன. எந்த ஒயரும் இல்லாமல். நிதானமாக. ஒரு ரெக்கார்டு ஓடும்போது எரிகிற அளவில்.

"இன்னாபா அது?" என்றான் ஜெயராம்.

இக்னேஷியஸ் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

சேமியர்ஸ் சாலை, மந்தைவெளி, லஸ்ஸுக்குப் போகிற பஸ்ஸின் பின்னால் ஒரு நிறுத்தம் முழுக்க நின்றது, கச்சேரி சாலைத் திருப்பம், எதுவும் மனதில் நிற்கவில்லை. தோளில் தொங்கிய பை விலாவைச் சுட்டது. சூடு சீராக இல்லை. ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் நின்று நடுங்கியது, பிறகு ஒரு படி கீழே இறங்கியது. பாதி வழியில் அது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. விலா எலும்பில் சஹானா ஓடிக்கொண்டிருந்தது.

புஷ்பம் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தெருவிலிருந்து வரக் கண்டதும் அவள் கையிலிருந்த முறம் சாய்ந்தது.

"தம்பி, நீ மேலதான..."

முடிக்கவில்லை. அரிசி படிகளில் சிதறி உருண்டது. அதை மிதித்துக்கொண்டு ஏறினான்.

வயலின் கதவுக்கு வெளியே கேட்டது. சின்னதாக. சாவியை நுழைக்கும்போது கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தான். கோபமாக இருந்தால் நடுங்காது. கதவு திறந்தது.

கூடத்தில் மத்தியான வெளிச்சம். எதுவும் மறைந்திருக்க முடியாத வெளிச்சம்.

ஆம்ப்ளிஃபயரில் நான்கு கறுப்புக் குழிகள். ரெக்கார்டு சுழலவில்லை. ஸ்பீக்கர்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

ஜன்னலடியில் இரண்டு பேர்.

அவள் அவனுக்குப் பிடித்த நீல வாயில் சேலையில் இருந்தாள். அடக்கம் செய்தபோது உடுத்தியது. பிரம்பு நாற்காலியில், காலை மடக்கி, வீட்டில் இருப்பவள் மாதிரி. அவளுக்கு வலது பக்கம், அவனுடைய நாற்காலியில், வேட்டி கட்டிய ஒரு முதுகு. நரைத்த தலை ஜன்னலைப் பார்த்திருந்தது. அவர் கைக்குள் அவள் மணிக்கட்டு இருந்தது. அவள் அதை விடுவித்துக்கொள்ள முயலவில்லை.

"நோரா."

தலை அசையவில்லை. கதவு அவருடைய வலது பக்கம். அந்தப் பக்கம் கேட்காது.

நோராவுக்குக் கேட்டது. அவள் திரும்பினாள். மெலிந்த முகம், ஜனவரியில் பார்த்த அதே முகம். அதில் வருத்தமோ ஆசையோ எதுவும் இல்லை. பாட்டுக்கு நடுவில் பேசியவனைப் பார்க்கிற முகம். விரலைத் தூக்கி உதட்டில் வைத்தாள்.

பிறகு குனிந்து, கிழவரின் இடது காதில், ஏதோ சொன்னாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையைப் பின்னால் நீட்டித் தரையில் துழாவினார். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அந்த வீட்டில் இல்லாத நாற்காலி. மூன்று வருடத்துக்கு முன் அடையாற்றில் மஹதி எடுத்துக்கொள்ளச் சொல்லியும், இடமில்லை, வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டு வந்த நாற்காலி. அதை இழுத்தார். சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு விழுந்தது. தன் வலது பக்கத்தில் நிறுத்தி, அதன் இருக்கையை இரண்டு முறை தட்டினார்.

கதவு திறந்துதான் இருந்தது. கீழே புஷ்பம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது. படியில் இறங்கினால் தெரு. தெருவில் ஸ்கூட்டர்.

நோரா மறுபடி தலையைக் கிழவரின் தோள் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அந்தச் சாய்வு.

அவன் போய் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் மணிக்கட்டில் பிடி விழுந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. பிடின்னா அப்படி ஒரு பிடி. எட்டிப் பார்த்தான், அவர் தலை மறைத்தது. நோரா தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் அவர் இருப்பார்.

மடியில் பை குளிர்ந்துகொண்டே வந்தது. உள்ளே வால்வுகள் அணைந்திருந்தன.

வயலின் நிற்கவில்லை.

அது ஸ்பீக்கர்களிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. மிகப் பக்கத்திலிருந்து. இக்னேஷியஸ் தலையைத் திருப்பினான். அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கிழவரின் வலது காது. கேட்காத காது. காய்ந்து சுருங்கிய மடலுக்கு நடுவே இருட்டாக ஒரு துளை. அந்தத் துளையின் அடியில், வெகு ஆழத்தில், ஒரு கம்பி இழை ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

ரெக்கார்டு முடிந்தது. ஊசி தேயும் சத்தம், காதுக்குள்ளிருந்து.

பிறகு ஒரு பெண்ணின் இருமல். துண்டுக்குள் அடக்கிய இருமல்.

பிறகு அவனுடைய குரலில், மிக அருகில், மெதுவாக: ஷ்ஷ்.